‘அவவும் சிரிச்சவதானே’

சனிக்கிழமை இரவு நக்கல் நிகழ்ச்சியில், காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடுகிற ஒரு தாயைக் கூப்பிட்டு இருத்திப் பகிடி விட்டார்களே, அதைப் பற்றித்தான். பெயர் போட மாட்டேன், போட்டால் அதற்கும் நாலு பார்வை கூடும். எல்லாரும் பார்த்துவிட்டீர்கள், பாதிப் பேர் ஷெயாரும் பண்ணிவிட்டீர்கள்.

‘முழுசாப் பார்த்திட்டுக் கதையுங்கோ அண்ணை’ என்று இன்பொக்ஸில் வந்த தம்பிமாருக்கு: இரண்டு தரம் பார்த்தேன். இரண்டாம் தரம் சத்தத்தை நிறுத்திவிட்டு அந்த அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்தேன்.

முதல் பத்து நிமிடம் அரசியல்வாதிகளுக்கு விழுந்த நக்கல் நன்றாகத்தான் இருந்தது. நானும் சிரித்தேன். பிறகு சாரமும் மண்வெட்டியுமாக ஒருவர் வந்து ‘வன்னிக் கதை’ கதைத்தார். (எந்த வன்னியில் அப்படிக் கதைக்கிறார்களோ தெரியாது, எங்கள் மல்லாவியில் இல்லை.) சரி, அதையும் விடுவோம். அந்தச் சிரிப்பு அடங்க முதலே மகனைத் தேடுகிற அந்தத் தாயைக் கொண்டுவந்து அதே கதிரையில் இருத்தி, நிகழ்ச்சி நடத்துகிறவரின் முதல் கேள்வி: ‘இத்தினை வருசமா ரோட்டோரக் கொட்டிலில இருக்கிறீங்கள், வாடகை ஒண்டும் கேக்கேல்லையோ அம்மா?’ கைதட்டல். கீபோட்காரர் ஒரு ‘டிங்’ வேறு.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பதில் கேட்டு 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராட்டமாக இருக்கத் தொடங்கியவர்கள் அந்த அம்மாமார். வெயில், மழை, ஏ9 வீதிப் புழுதி. பிள்ளையைக் காணாமலே கண் மூடியவர்கள் எத்தனை பேர். அவர்களிடம் கேட்க இவருக்குக் கிடைத்தது வாடகைக் கணக்கு.

நான் சொல்வது ஒன்றுதான். விருந்தாளி என்று கூப்பிட்டவரிலேயே பகிடி விடாதீர்கள். பகிடியே வேண்டாம் என்று சொல்லவில்லை, திரும்பவும் சொல்கிறேன், சொல்லவில்லை. கூப்பிட்டு இருத்திய ஆளில் விடாதீர்கள்.

‘அமெரிக்காவில எல்லாம் இப்பிடித்தான், நீங்கள் உலகம் பார்க்கேல்லை’ என்று ஒருவர். பார்ப்போமே. ஜோன் ஸ்ருவேர்ட் 1999 இலிருந்து 2015 வரை ‘த டெய்லி ஷோ’ என்ற அரசியல் நக்கல் நிகழ்ச்சியை நடத்தியவர், இவர்கள் எல்லாம் பார்த்துப் படியெடுக்கிற மனிதர். 2010 டிசம்பரில், உலக வர்த்தக மைய இடிபாடுகளில் மீட்பு வேலை செய்து நோயாளிகளான நான்கு பேரை அவர் கூப்பிட்டு இருத்தினார். அவர்களுக்கான மருத்துவ உதவிச் சட்டம் செனற்றில் முடங்கிக் கிடந்த நேரம். அன்றைக்கும் நக்கல் இருந்தது, முழுக்க அந்தச் செனற்றர்மாருக்கும், செய்தியைக் கவனிக்காமல் விட்ட தொலைக்காட்சிகளுக்கும். அந்த நான்கு பேரையும் கதைக்க விட்டார். அடுத்த வாரமே சட்டம் நிறைவேறியது. எங்கள் ஆளுக்கு அந்த மேசையும் கோப்பையும் மட்டும் பிடித்துவிட்டது போல.

‘பகிடி இல்லாட்டி ஆர் பார்ப்பினம்?’ என்பதில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கொட்டிலைக் கும்பிட்டுவிட்டுக் கடந்துபோகிற நாங்களும் உத்தமர்கள் இல்லை. கருத்துச் சுதந்திரம் என்று வந்தவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, போய் வாருங்கள்.

ஆனால் ‘அவவும் சிரிச்சவதானே’ என்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். காணாமல் போன எங்கள் அண்ணாவின் விவரம் கொடுக்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு வவுனியாவில் ஒரு கந்தோருக்குப் போயிருந்தேன். ஃபைலைப் புரட்டிய மனிதர் நிமிர்ந்தும் பார்க்காமல், ‘எங்கையும் வெளிநாட்டில கலியாணம் கட்டி இருப்பான், ஒருநாளைக்கு ஐபோனோட வருவான் பாருங்கோ’ என்றார். அம்மா சிரித்தா. அவர் கோபித்தால் ஃபைல் அடியில் போய்விடும் என்று அவவுக்குத் தெரியும். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தா. மாங்குளத்தில் இறங்கி மல்லாவி பஸ்ஸுக்கு நிற்கும் வரைக்கும் ஒரு சொல் கதைக்கவில்லை. பஸ் வந்தபோது, ‘அவனுக்குப் போன் பாவிக்கவே தெரியாது’ என்றா. அவ்வளவுதான்.

பகிடி தெரியாத சனமா நாங்கள்? 2009 இல் யுத்தத்தில் இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த மனிக் பாம் முகாமில் தண்ணி வரிசையில் வாளியோடு நின்ற பக்கத்துக் கூடாரத்து அண்ணை, ‘முன்னுக்கு நிக்கிறவருக்குத் தண்ணி, பின்னுக்கு நிக்கிறவருக்கு வரிசை’ என்று சொல்ல, அந்த வெயிலிலும் வயிறு நோகச் சிரித்தோம். அவரும் எங்களோடு வரிசையில் நின்றார், வாளியும் வெறும் வாளி. ஊரில் அரிச்சந்திரன் நாடகம் பார்த்திருக்கிறேன், விடிய விடிய. சந்திரமதி பிள்ளையை மடியில் போட்டு அழும்போது பபூன் மேடைக்கு வந்ததை நான் ஒருநாளும் காணவில்லை.

அந்தக் கிளிப்பை மூன்று சிரிப்பு முகம் போட்டு முதலில் பகிர்ந்தவன் ரொறன்ரோவில் இருக்கிற என் மச்சான். அண்ணாவின் சைக்கிள் பாரில் இருந்து பள்ளிக்கூடம் போனவன். எங்கள் குசினியில் சோறு தின்றவன். நீ இதை வாசிப்பாய் என்று தெரியும். கொமன்ற் போடாதே.

அம்மாவுக்கு நான் அதைக் காட்டவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை காட்டிவிட்டது. கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரை பார்த்தா. ஏதாவது சொல்லுவா என்று நின்றேன். ‘இது முடியச் சாமமாகியிருக்கும், அந்த மனுசி எந்த பஸ்ஸில வீட்டை போனவவோ’ என்று கேட்டா.