சைகை மொழி உலகெங்கும் ஒன்றா?

சைகை மொழி உலகெங்கும் ஒன்றுதான், கிளிநொச்சியில் கற்ற பிள்ளை இலண்டனிலும் அதைக்கொண்டே உரையாடலாம் என்று மேலே ஓர் அண்ணா எழுதியிருக்கிறார். அது சரியல்ல, அண்ணா. வன்னியிலிருந்து குடும்பமாகப் புலம்பெயர இருப்போர் இதை நம்பிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

சைகை மொழிகள் பல. ஒவ்வொன்றுக்கும் சொந்த இலக்கணம் உண்டு. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பேச்சுமொழி ஆங்கிலமே. ஆனால் அமெரிக்கச் சைகை மொழிக்கு நெருங்கிய உறவு பிரெஞ்சுச் சைகை மொழிதான்! 1817இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் தொடங்கிய செவிப்புலனற்றோர் பள்ளியில் பிரான்சிலிருந்து வந்த லோரன்ட் கிளெர்க் கற்பித்ததே அதற்கு முக்கியக் காரணம்.

நீங்களே சரிபார்க்கலாம். விரலெழுத்து என்பது எழுத்துகளைக் கைவிரல்களால் காட்டும் முறை. அமெரிக்க, பிரித்தானிய விரலெழுத்துக் காணொளிகளை அடுத்தடுத்துப் பாருங்கள். அமெரிக்கர் ஒரு கையால் எழுத்தைக் காட்டுவார்கள். பிரித்தானியர் இரு கைகளாலும் காட்டுவார்கள். முதல் எழுத்திலேயே வேறுபாடு தெரிந்துவிடும்.