லண்டன் அல்ல, ஸ்விண்டன்

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர், "லண்டனில் பெரிய வேலையில் இருந்தவர்" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார்கள். வீட்டில் ஒருவரும் திருத்தவில்லை. இத்தனை ஆண்டுகளாக நாங்களே அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறோம். இனியும் என்னால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

தாத்தா லண்டனில் வேலை பார்க்கவில்லை. அங்கிருந்து மேற்கே ஒரு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் ஸ்விண்டனில், ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தார். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் தொழில் கற்று 1957-இல் கப்பல் ஏறினார். காமன்வெல்த் நாட்டவருக்கு அங்கே தடையில்லாத காலம். 1962-இல் சட்டம் போட்டுத்தான் கெடுபிடி செய்தார்கள்.

கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1843-இல் தொடங்கிய அந்தப் பணிமனையால்தான் ஊரே வளர்ந்தது. ஒரு காலத்தில் 14,000 பேருக்குச் சோறு போட்ட இடம். எங்கே வேலை என்று கேட்டால் அவ்வூர்க்காரர்கள் "உள்ளே" என்று மட்டும் சொல்வார்களாம். தாத்தாவும் கடைசிவரை அப்படித்தான் சொன்னார்: "நான் உள்ளே இருந்தபோது..." தெரியாதவர்கள் சிறை என்று நினைத்துக்கொள்வார்கள்.

பிரிட்டிஷ் ரயில்வேக்காகக் கட்டப்பட்ட கடைசி நீராவி எஞ்சின், 'ஈவினிங் ஸ்டார்', 1960-இல் அங்கிருந்துதான் வெளியே வந்தது. அதில் கை வைத்தவர்களில் தாத்தாவும் ஒருவர். அந்தக் கையைச் சொல்ல வேண்டும். வலது ஆள்காட்டி விரல் மடங்காது. காப்பி டம்ளரை மற்ற மூன்று விரல்களாலும் கட்டைவிரலாலும்தான் பிடிப்பார். நகத்தடியில் இருந்த கறுப்பு, வேலையை விட்டு முப்பது ஆண்டுகள் ஆகியும் போகவில்லை. காதும் அங்கேயே போனது. இரும்பின் மேல் இரும்பு விழும் ஓசையை 29 ஆண்டுகள் கேட்ட காது அது. டிவி சத்தத்தைக் கூட்டுகிறார் என்று அவரிடம் எத்தனை முறை எரிந்து விழுந்திருக்கிறேன்! நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

1986 மார்ச்சில் பணிமனையை மூடினார்கள். கடைசியாகச் சங்கு ஊதியபோது ஆண்கள் தெருவில் நின்று அழுததைச் சொல்லும்போது மட்டும் தாத்தாவின் குரல் தாழ்ந்துவிடும். ஊர் திரும்பி பொன்மலையிலேயே வீடு பார்த்தார். காலையில் இங்கே சங்கு ஊதினால், அவருக்குக் கேட்காது. பாட்டி தோளைத் தொட்டுச் சொல்வார். உடனே கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

கூடத்தில் மாட்டப்போகும் படத்தின் கீழே "ஃபிட்டர், ஸ்விண்டன் ரயில்வே பணிமனை, 1957–1986" என்று எழுதக் கொடுத்திருக்கிறேன். ஃபிட்டர் என்ற சொல் எதற்கு என்று மாமா கேட்கிறார். அந்தச் சொல்லை நான் எடுக்கப்போவதில்லை.