நூறு என்றால் நூறுதானே?

சட்டை தைக்க வெட்டுக்கோடுகள் வரைந்த பேட்டர்னை வீட்டு பிரிண்டரில் அடித்து ஒட்டினால், முன்பக்கத்தில் மேல் பாதி ஓர் அளவு, கீழ் பாதி வேறு அளவு. ஒரே பிடிஎஃப், ஒரே பிரிண்டர், ஒரே கட்டுத் தாள். தரையில் மண்டியிட்டுத் தாளோடு தாளாக ஒட்டிக்கொண்டே வருகிறேன், நடுவில் ஒரு வரிசையில் பக்கவாட்டுக் கோடு அரை சென்டிமீட்டருக்கு மேல் விலகி நின்று, அடுத்த தாளின் கோட்டை முன்பின் பார்த்ததே இல்லை என்கிறது.

"முதல் பக்கத்தில், அடித்த அளவு சரியா என்று பார்க்க ஒரு சோதனைச் சதுரம் இருக்குமே, அளந்து பார்த்தீர்களா?" என்று கேட்க வாயெடுத்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அளந்தேன். பத்து சென்டிமீட்டர். அகலமும் பத்து, உயரமும் பத்து, மயிரிழை பிசகில்லை. அந்தச் சதுரத்தை நம்பித்தான் மீதியை அடிக்கவே விட்டேன்.

நடந்தது என்ன? பாதியில் தாள் தீர்ந்தது. தாள் தீர்வது ஒன்றும் குற்றமில்லை, தாள் என்றால் தீரும். புதுத் தாள் வைத்து, மீதிப் பக்கங்களை மட்டும் அடிக்கச் சொன்னேன். இந்த இடைவெளியில் அந்த பிரிண்ட் சன்னல் மூடித் திறந்ததல்லவா, அதற்குள் நூறு சதவீதம், உள்ள அளவிலேயே அடி என்கிற 'ஆக்சுவல் சைஸ்' சத்தமே இல்லாமல், தாளுக்குள் அடங்கச் சுருக்கு என்கிற 'ஃபிட் டு பேஜ்' ஆகிவிட்டது. கறுப்பு வெள்ளையில் அடிக்கச் சொன்னது அதற்கு நினைவிருக்கிறது. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அடிக்கச் சொன்னதும் நினைவிருக்கிறது. எப்போதோ தூக்கிப் போட்ட பழைய பிரிண்டரின் பெயரைக்கூட இன்னும் பட்டியலில் பத்திரமாக வைத்திருக்கிறது. 100 என்ற ஒரே ஒரு எண்ணைத்தான் வைத்துக்கொள்ள இடமில்லை.

சரி, ஏன் சுருக்குகிறது என்று கேளுங்கள். இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கோப்பு ஏ4, தாளும் ஏ4. 210க்கு 297 மில்லிமீட்டர், இரண்டும் ஒன்றேதான். ஆனால் பெரும்பாலான வீட்டு பிரிண்டர்களால் தாளின் விளிம்பு வரை மை வைக்க முடியாது, சுற்றிலும் சுமார் மூன்று மில்லிமீட்டர் விட்டாக வேண்டும். போகட்டும், அது அதன் உடல்வாகு. பேட்டர்ன் வரைந்தவருக்கு இது தெரியும், அதனால் தாராளமாகவே ஓரம் விட்டு வரைந்திருக்கிறார். அந்த ஓரத்தில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை. அந்த வெள்ளையில் ஒரு துளிகூட வெட்டுப்பட்டுவிடக் கூடாதே என்று மகா கருணையோடு மொத்தப் பக்கத்தையும் 97 சதவீதமாக்கித் தருகிறது. ஒன்றுமில்லாததைக் காப்பாற்ற இருப்பதையெல்லாம் சுருக்குவது! விருந்தாளிக்கு வாசற்படி தலையில் இடிக்கும் என்று அவர் காலை மூன்று விரற்கடை வெட்டிவிட்டு உள்ளே அழைக்கிற மாதிரி.

இதுவே பேட்டர்ன் ஏ4இல் இருந்து, கையில் இருப்பது அமெரிக்க லெட்டர் தாள் என்றால் இன்னும் கோலாகலம். லெட்டரின் உயரம் 279 மில்லிமீட்டர்தான், ஆகவே பிரிண்டர் விடும் ஓரத்தைக் கணக்கில் சேர்க்காமலே 94க்கு இறங்கிவிடும். லெட்டரில் வரைந்ததை ஏ4இல் அடித்தாலோ அகலம் போதாமல், அதே கணக்கில் 97. எப்படித் திரும்பினாலும் சுருக்கம்தான்.

மூன்று சதவீதம் என்ன பெரிய விஷயம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. கடிதம் அடித்தால் ஒன்றுமில்லை, யாருக்கும் தெரியாது. சட்டையின் மார்புச் சுற்றளவு 100 சென்டிமீட்டர் என்றால் அது 97 ஆகிறது. 94 சதவீதம் என்றால் ஆறு சென்டிமீட்டர் காணாமல் போகிறது, ஒரு முழு சைஸே போச்சு. துணி வெட்டி, ஓரம் அடித்து, கை வைத்து, காலரும் வைத்த பிறகு பொத்தான் போடப் போகும்போதுதான் செய்தி வரும். அதுவரை பிரிண்டர் வாயே திறக்காது. மை குறைகிறது என்று எச்சரிக்கத் தெரியும், புது அப்டேட் வந்திருக்கிறது என்று வேலைக்கு நடுவே குதிக்கத் தெரியும். 'நீங்கள் கேட்ட அளவில் அடிக்கவில்லை' என்று ஒரு வரி சொல்லத் தெரியாது.

என் கதையில் அந்த நாகரிகம்கூட இல்லை. எல்லாப் பக்கமும் 97 ஆக வந்திருந்தால் சதுரம் காட்டிக்கொடுத்திருக்கும். இது பாதி நூறு, பாதி தொண்ணூற்றேழு. தோளும் கழுத்தும் கைக்குழியும் எனக்கு, இடுப்புக்குக் கீழே வேறு யாருக்கோ.

கைப்பேசியிலிருந்து அடித்துப் பாருங்கள் என்றார் ஒருவர். பார்த்தேன். அங்கே எத்தனை பிரதி என்று கேட்டது, எந்தத் தாள் என்று கேட்டது, அளவைப் பற்றிய பேச்சே இல்லை. கேட்டால்தானே மறக்க வேண்டும் என்ற உயர்ந்த கொள்கை போலும்.

விளிம்பில்லா பிரிண்ட் போட்டால் ஓரப் பிரச்சினையே வராது என்றார் இன்னொருவர். ஐயா, அது விளிம்பைத் தாண்டி மை வைப்பதற்காகப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிவிடும். சுருக்கத்துக்கு மருந்தாக வீக்கம்!

இவர்களுக்கெல்லாம் மேலே ஒரு மகான் உண்டு. "சின்னதா வந்தா என்ன, 110ல போடுங்க, அடுத்த சைஸ் வந்துடும்!" வராது. உடம்பு பெருத்தால் கழுத்தும் தோளும் கையின் நீளமும் அதே விகிதத்தில் வளர்வதில்லை. 110 போட்டால் கழுத்து அகன்று தோளை விட்டு இறங்கும், சட்டைக் கை மணிக்கட்டைத் தாண்டி இறங்கும், தையலுக்கு விட்ட ஒன்றரை சென்டிமீட்டரும் சேர்ந்து பெருக்கும். சைஸ் மாற்றுவது என்றால் இடத்துக்கு இடம் வேறு வேறு அளவு கூட்டுவது. அதற்காகத்தானே ஒரே தாளில் ஐந்தாறு சைஸுக்குத் தனித்தனிக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்? சும்மா அழகுக்கா?

எனக்கு இந்த மாயமெல்லாம் வேண்டாம். பெரிதாக்கவும் வேண்டாம், பொருத்தவும் வேண்டாம். கோப்பில் பத்து சென்டிமீட்டர் இருந்தால் தாளில் பத்து சென்டிமீட்டர். இவ்வளவு பெரிய இயந்திரத்திடம் நான் கேட்பது, எதையும் செய்யாமல் இரு என்பதுதான்.

சரி, கீழ் வரிசைகளை மறுபடி அடித்தாகிவிட்டது. இம்முறை ஒவ்வொரு முறை சன்னல் திறக்கும்போதும் அந்த 100ஐச் சந்தேகக் கண்ணோடு பார்த்துப் பார்த்து. கோடுகள் சேர்ந்துவிட்டன. ஒட்டுவதற்கு டேப்பை எடுத்தால் முனையைக் காணோம். வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றுகிறேன், நகத்தால் தடவுகிறேன், முழு வட்டமும் கண்ணாடி மாதிரி வழவழ. கடைசியில் ஒரு மேடு தட்டுப்பட்டது, பிடித்து இழுத்தால் நூல் மாதிரி மெல்லிசாக ஒரு கீற்று மட்டும் கிழிந்து வருகிறது, மிச்சமெல்லாம் சுருளிலேயே தங்கிவிட்டது. இந்த டேப்பை யார் செய்தார்? உட்கார வைத்து, அவர் கையாலேயே முனையைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். நகம் வெட்டிய மறுநாள்.