ஹாய் கதையில் விட்டுப்போன பகுதி

பிரிட்டிஷ் சைக்கிள் பந்தய வீரர் கிறிஸ் ஹாய் வாங்கிய 6 ஒலிம்பிக் தங்கங்களையும் அவரைப் பற்றி நீங்கள் போட்ட கட்டுரை வரிசையாகச் சொல்கிறது, சரி. நடுவில் நடந்த கூத்தைக் காணோமே! 2004 ஏதென்ஸில் 1 கிலோமீட்டர் பந்தயத்தை 60.711 வினாடியில் முடித்துத் தங்கம் வாங்கினார். அப்புறம் அந்தப் பந்தயத்தையே ஒலிம்பிக்கிலிருந்து தூக்கிவிட்டார்கள், மேடு பள்ளத் தடத்தில் சின்ன சைக்கிளில் பாயும் பிஎம்எக்ஸ் பந்தயத்துக்கு இடம் வேண்டுமாம். மனுஷன் புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. கெய்ரின் (வேகம் காட்டும் மோட்டார் வண்டிக்குப் பின்னால் கூட்டமாக ஓட்டி, அது விலகியதும் பாய்வது), ஸ்பிரிண்ட் (ஒருவரை ஒருவர் முந்தப் பார்க்கும் குறுகிய பந்தயம்) பக்கம் திரும்பி, 2008 பெய்ஜிங்கில் குழுப் போட்டியோடு சேர்த்து 3 தங்கம். கடிகாரத்தோடு தனியாக மல்லுக்கட்டியவர், தோளோடு தோள் உரசும் பந்தயத்துக்கு வருவது லேசா? சைக்கிளில் பிரேக்கும் கிடையாது; சக்கரம் சுற்றுகிறவரை காலும் சுற்றியே ஆக வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் நகரப் பையன்களுக்கு கிரிக்கெட், கால்பந்து விட்டால் வேறு எதுவும் தெரியாது. 1952 ஹெல்சிங்கியில் இதே 1 கிலோமீட்டரில் வெண்கலம் வாங்கிய தென்னாப்பிரிக்கர் ரேமண்ட் ராபின்சன் பற்றியும் எழுதுங்களேன்.