சியரா லியோன் மருத்துவமனைகளுக்குக் கொடுக்கிறீர்களா? சம்பளத்துக்குக் கொடுங்கள்

ஆப்பிரிக்காவில் ஏழை மருத்துவமனைகளுக்கு உதவும் தொண்டு நிறுவனங்களுக்குப் பணம் அனுப்ப நினைக்கும் நண்பர்கள் சிலர் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. நான் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன். அதனால் "என்ன கருவி வாங்கிக் கொடுக்கலாம்?" என்றுதான் கேள்வி வரும். கருவி வேண்டாம், அங்கே வேலை செய்யும் செவிலியரின் சம்பளத்துக்குக் கொடுங்கள் என்பேன். கேட்டவர்களின் முகம் சுருங்கிவிடும். சம்பளம் கொடுப்பது அரசாங்கத்தின் வேலை, நம் பணம் கண்ணுக்குத் தெரியும் ஒன்றாக நிற்க வேண்டும் என்பார்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. இருந்தாலும் என் பதிலை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஏன் என்று மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனை வைத்துச் சொல்கிறேன். எபோலா என்ற கொடிய தொற்றுநோய் பரவிய காலத்திலிருந்து நான் விடாமல் படித்துவரும் நாடு அது.

அந்த நாட்டின் கிழக்கே கெனேமா என்று ஓர் ஊர். அங்குள்ள அரசு மருத்துவமனையில் லாசா காய்ச்சலுக்கென்று தனி வார்டு இருந்தது. லாசா எலிகளின் வழியே மனிதர்களுக்கு வரும் நோய். அந்த வார்டை நடத்திவந்த மருத்துவர் அனிரு கோன்டே 2004இல் அதே நோய் தொற்றி இறந்துபோனார். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் ஷேக் உமர் கான். அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த மருத்துவமனையோடு கைகோத்து நல்லதொரு ஆய்வுக்கூடத்தை அமைத்திருந்தார்கள். 2014 மே மாதம் சியரா லியோனின் முதல் எபோலா நோயாளியை உறுதிசெய்தது அந்த ஆய்வுக்கூடம்தான். ரத்த மாதிரியைக் கடல் கடந்து அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டிய நிலை அங்கே இல்லை. கூட்டு முயற்சி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடம் உயர்ந்த தரத்தில் இருந்தது. அதே வளாகத்தில் இருந்த வார்டில் போதிய செவிலியர் இல்லை, போதிய பாதுகாப்பு உடை இல்லை. லாசாவுக்கென்று கட்டிய சிறிய வார்டில் எபோலா நோயாளிகள் நிரம்பி வழிந்தார்கள். வார்டின் தலைமைச் செவிலியர் எம்பாலு ஃபோனி ஜூலையில் இறந்தார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் செவிலியராகப் பணியாற்றியவர் அவர், லாசா தொற்றியும் பிழைத்து வந்தவர். ஜூலை 29 அன்று மருத்துவர் கானும் இறந்தார். அப்போது அவருக்கு வயது 39. ஆகஸ்ட் இறுதியில் அந்த மருத்துவமனை ஊழியர்கள் ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆகஸ்டில்தான் 78 நோயாளிகளிடமிருந்து எடுத்த 99 வைரஸ் மரபணுத் தொகுப்புகளை விவரிக்கும் கட்டுரை 'சயின்ஸ்' இதழில் வந்தது. அதை எழுதியவர்களில் ஐந்து பேர், கட்டுரை வெளிவருவதற்குள் எபோலாவுக்குப் பலியாகியிருந்தார்கள். ஃபோனியும் கானும் அந்த ஐவரில் இருவர்.

அந்த ஆய்வாளர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் செய்த வேலை பின்னாளில் பல உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் ஒரு மருத்துவமனையில் ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் பணம், அதே மருத்துவமனையில் படுக்கை விரிப்பை மாற்றும் பெண்ணுக்கு ஏன் கிடைப்பதில்லை என்ற கேள்வியை என்னால் தள்ளிவைக்க முடியவில்லை.

அந்தப் பெண்ணின் நிலையை விளக்கினால்தான் நான் சொல்வது புரியும். சியரா லியோனின் அரசு மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் வேலை செய்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அரசின் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள். படித்துத் தேர்ச்சி பெற்று, சீருடை அணிந்து, இரவுப் பணி பகல் பணி எல்லாம் பார்ப்பார்கள். பட்டியலில் ஏறுவதற்கான எண் மட்டும் வந்திருக்காது. ஆண்டுக்கணக்கில் வராது. தாளில் அவர்களைத் 'தன்னார்வலர்' என்று குறிப்பிடுகிறார்கள். ஒரு பைசா சம்பளம் இல்லாமல் ஐந்து ஆண்டு, ஆறு ஆண்டு வேலை செய்கிறவர் எப்படிச் சாப்பிடுவார்? நோயாளியிடம் கேட்பார். பிரசவத்துக்கு வந்த பெண்ணிடம் கையுறைக்கு இவ்வளவு, ஊசிக்கு இவ்வளவு என்று வாங்குவார். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் எல்லாம் இலவசம் என்று அரசுத் திட்டம் இருக்கும் நாட்டில் இது நடக்கிறது. கேட்ட தொகையைத் திரட்ட முடியாத பெண் வீட்டிலேயே பிள்ளை பெற்றுக்கொள்கிறாள். ரத்தப்போக்கு நிற்காமல் போன பிறகு தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். அந்தச் செவிலியரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

சம்பளத்துக்குப் பணம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே நாட்டில் சான்று இருக்கிறது. அந்த இலவச சிகிச்சைத் திட்டம் தொடங்கியது 2010 ஏப்ரலில். அதற்கு முந்தைய மாதம் மருத்துவப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கட்டணத்தை எடுத்துவிட்டால் கூட்டம் பெருகும், எங்களுக்குக் கூலி யார் கொடுப்பது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அரசு சம்பளத்தைப் பல மடங்கு உயர்த்தியது, செலவில் ஒரு பகுதியைப் பிரிட்டிஷ் உதவி ஏற்றுக்கொண்டது. ஆளே இல்லாமல் பட்டியலில் இருந்த பெயர்கள் நீக்கப்பட்டன. முதல் ஆண்டிலேயே சிகிச்சைக்கு வந்த குழந்தைகளின் எண்ணிக்கை இரு மடங்கைத் தாண்டியது. அந்த ஆண்டு யாரும் வானளாவக் கட்டடம் எழுப்பிவிடவில்லை. மருந்து வந்தது, ஆளுக்குச் சம்பளம் வந்தது, தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். 2021 கொரோனா இரண்டாம் அலையின்போது ஆக்சிஜன் செறிவூட்டிகள் நம் நாட்டுக்கு நன்கொடையாக வந்து குவிந்தது நினைவிருக்கும். அடுத்த ஆண்டு ஒரு மருத்துவமனையின் கிடங்கில் அப்படி அடுக்கி வைத்திருந்தவற்றைச் சோதிக்கும் வேலை எனக்கு வந்தது. ஒரு பெட்டியை மின்சாரத்தில் இணைத்தேன். கம்ப்ரசர் ஓடியது. குழாயில் காற்று வந்தது. அளவுமானிக்குள் சிறு பந்து ஐந்து லிட்டர் கோட்டில் ஒழுங்காக நின்றது. பார்ப்பவர் யாரும் நன்றாக இருக்கிறது என்றே சொல்வார்கள். ஆக்சிஜன் அளக்கும் கருவியைப் பொருத்திப் பார்த்தால் பாதி அளவுகூட இல்லை. தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தர வேண்டிய இயந்திரம் அது. உள்ளே நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் சியோலைட் மணிகள் ஈரம் குடித்துப் பாழாகியிருந்தன. மூச்சுத் திணறும் ஒருவருக்கு அதை மாட்டியிருந்தால், வெறும் காற்றைவிடக் கொஞ்சம் மேலானதைக் கொடுத்துக்கொண்டு, ஆக்சிஜன் கொடுப்பதாக எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

இது கருவி செய்தவரின் குற்றம் இல்லை. வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவ ஆள் வேண்டும், மாதம் ஒருமுறை அளந்து பார்க்க ஆள் வேண்டும், உதிரி பாகம் வாங்கப் பணம் வேண்டும். சியரா லியோனின் தலைநகரான ஃப்ரீடவுன், ஆப்பிரிக்கத் தலைநகரங்களிலேயே மழை மிக அதிகம் பெய்யும் இடங்களில் ஒன்று. அந்த ஈரத்தில், ஏறி இறங்கும் மின்னழுத்தத்தில், பராமரிக்க ஆளில்லாமல் இத்தகைய இயந்திரம் எத்தனை மாதம் தாங்கும்? வசதி குறைந்த நாடுகளில் மருத்துவக் கருவிகளில் ஐந்தில் இரண்டு பங்கு ஓடாமல் கிடப்பதாக 2011இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. என் அனுபவத்தில் அந்தக் கணக்கு எனக்கு வியப்பைத் தரவில்லை. கருவியோடு ஒரு தொழில்நுட்பப் பணியாளரின் பத்தாண்டுச் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுக்கும் நன்கொடையாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

நன்றாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த ஒரு சிறு குழு, எபோலாவுக்கு முந்தைய ஆண்டே ஃப்ரீடவுனின் கன்னாட் அரசு மருத்துவமனைக்குள் அலுவலகம் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கியிருந்தது. தனி மருத்துவமனை கட்டவில்லை. இருக்கும் மருத்துவமனையின் மருத்துவர்களோடும் செவிலியர்களோடும் சேர்ந்து அவசரப் பிரிவை ஒழுங்குபடுத்தினார்கள். 2014இல் வெளிநாட்டவர் பலர் விமானம் ஏறியபோது இந்தக் குழு போகவில்லை. உள்ளூர் மருத்துவர்களோடு சேர்ந்து கன்னாட்டுக்குள்ளேயே தனிமைப்படுத்தும் பிரிவை நடத்தியது. அந்தக் கொள்ளைநோயில் சியரா லியோன் 11 மருத்துவர்களை இழந்தது, கன்னாட்டின் மூத்த மருத்துவர் மொடுபே கோல் அவர்களில் ஒருவர். நோய் வருவதற்கு முன்பே அங்கே இருந்ததால்தான் அந்தக் குழுவால் நிற்க முடிந்தது என்று நினைக்கிறேன். யாரை எங்கே கேட்க வேண்டும், எந்தச் செவிலியர் இரவில் நம்பகமானவர் என்பதெல்லாம் நோய் பரவிய பிறகு விமானத்தில் வந்திறங்குபவருக்குத் தெரியாது.

கேப்பாகேர் என்ற நார்வே அமைப்பு 2011இல் இன்னொரு வழியில் தொடங்கியது. மசாங்காவில் உள்ள மருத்துவமனையை மையமாக வைத்து, மருத்துவப் பட்டம் இல்லாத சமூக சுகாதார அலுவலர்களுக்கு அறுவைச் சிகிச்சை கற்றுக்கொடுக்கிறது. இரண்டு ஆண்டுப் பயிற்சி, பிறகு ஓராண்டு மேற்பார்வையில் வேலை. சிசேரியன், குடலிறக்கம் போன்றவற்றை அவர்கள் செய்கிறார்கள். நம் ஊரில் இப்படி ஒரு திட்டத்தை அறிவித்தால் மருத்துவர் சங்கங்கள் மறுநாளே தெருவில் இறங்கும், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கும். ஆனால் சியரா லியோனில் மாவட்ட மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை செய்யக்கூடிய மருத்துவர் எத்தனை பேர்? அங்கே சிசேரியன் முடிவுகளை ஒப்பிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற இவர்களின் கை மருத்துவர்களின் கைக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை. இன்னொன்றும் உண்டு. இவர்களின் சான்றிதழை வைத்துக்கொண்டு லண்டனில் வேலை கிடைக்காது. அதனால் ஊரிலேயே இருக்கிறார்கள். கேட்கக் கசப்பாக இருந்தாலும், ஒரு கர்ப்பிணிக்கு அது உயிர் தரும் உண்மை.

ஃப்ரீடவுன் துறைமுகத்தில் 2023இல் வந்து நின்ற மெர்சி ஷிப்ஸ் என்ற தொண்டு நிறுவனத்தின் மருத்துவமனைக் கப்பலைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். முகத்தில் கட்டியோடு ஊரார் கண்ணுக்கு ஒளிந்து வாழ்ந்தவர்கள் அந்தக் கப்பலில் ஏறி வேறு மனிதர்களாக இறங்குகிறார்கள். அதை மட்டமாகப் பேச எனக்கு உரிமையில்லை. அவர்கள் உள்ளூரில் பயிற்சியும் கொடுக்கிறார்கள். ஆனால் பிரசவ வலி கப்பல் வரும்வரை காத்திருக்காது. 2020ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் சியரா லியோனில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 443 தாய்மார்கள் இறந்தார்கள். முன்பு ஆயிரத்துக்கு மேல் இருந்த எண் அது. இந்த வீழ்ச்சி ஊர்தோறும் தினமும் திறந்திருக்கும் பிரசவ அறைகளால் வந்தது.

கோனோ மாவட்டத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 968.9 காரட் எடையுள்ள 'சியரா லியோனின் நட்சத்திரம்' என்ற வைரம் 1972இல் அந்த மண்ணில்தான் கிடைத்தது. இத்தனை வைரம் கொடுத்த மாவட்டத்தின் தலைநகரான கொய்டுவின் அரசு மருத்துவமனையில் நம்பகமான மின்சாரம் இருக்கவில்லை. எபோலாவுக்காக 2014இல் வந்த பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் அமைப்பு நோய் ஓய்ந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டது. மின்சாரம், தண்ணீர், ரத்த வங்கி, பச்சிளங்குழந்தைப் பிரிவு என்று ஒவ்வொன்றாக, அரசு மருத்துவமனைக்குள்ளேயே சரிசெய்தது. ரத்தப் பையைக் குளிரில் வைக்கும் பெட்டி ஓர் இரவு அணைந்தால், மறுநாள் காலை ஒரு தாய் சாகலாம். அந்த இரவில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுபவரும் உயிர் காப்பவர்தான் என்பது என் கருத்து. புதிதாகத் தாய்சேய் மருத்துவமனை ஒன்றுக்கும் 2021இல் அங்கே அடிக்கல் நாட்டினார்கள். கட்டடமே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆளும் மின்சாரமும் ரத்தமும் முதலில் வந்த இடத்தில் கட்டடம் வரட்டும்.

"சம்பளத்துக்குக் கொடுத்தால் தின்றுவிடுவார்கள்" என்பது நான் அதிகம் கேட்கும் மறுப்பு. ஊழல் இருக்கிறது. எபோலா நிதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குச் சரியான ரசீது இல்லை என்று சியரா லியோனின் தணிக்கைத் துறையே 2015இல் அறிக்கை கொடுத்தது. சொந்த அரசின் கணக்கைச் சொந்த நாட்டுத் தணிக்கையாளர்களே தைரியமாக வெளியிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எபோலாப் பணிகளில் ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் மோசடியில் போனதைச் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கக் கூட்டமைப்பும் 2017இல் ஒப்புக்கொண்டது. வெளிநாட்டுப் பெயர்ப்பலகை இருந்தால் பணம் பத்திரம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. பொருளாகக் கொடுத்தாலும் களவு போகும். மாதாமாதம் ஒரு செவிலியரின் வங்கிக் கணக்கில் விழும் சம்பளத்தைச் சரிபார்ப்பது, கிடங்கில் அடுக்கிய பெட்டிகளைச் சரிபார்ப்பதைவிட எளிது.

"நம் ஊரில் ஏழைகள் இல்லையா?" என்பவர்களுக்கு: இருக்கிறார்கள், அவர்களுக்கும் கொடுங்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது, ஜூலையில் அதற்கான முகமையே மூடப்பட்டது. பிரிட்டன் தன் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த உதவியை 2027க்குள் 0.3 ஆகக் குறைப்பதாக அறிவித்துவிட்டது. செவிலியரை வேலைக்கு எடுத்துக்கொண்டு போவதை மட்டும் பணக்கார நாடுகள் நிறுத்திவிடவில்லை. இந்த நிலையில் தொண்டு நிறுவனங்கள் முதலில் கைவைப்பது படம் எடுத்துக் காட்ட முடியாத செலவுகளில்தான்: சம்பளம், டீசல், உதிரி பாகம், பயிற்சி. கொடுப்பவர்கள் அதற்குக் கொடுப்பதில்லை என்பதால் வேறு வழியும் அவர்களுக்கு இல்லை.

ஆகவே பணம் அனுப்ப நினைப்பவர்கள் முதலில் அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நீங்கள் அரசு மருத்துவமனைக்குள் வேலை செய்கிறீர்களா, தனியாகவா? பட்டியலில் ஏறாத செவிலியருக்கு என்ன செய்கிறீர்கள்? கருவி பழுதானால் யார் வருவார், அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்? எத்தனை ஆண்டு இருப்பதாக ஒப்பந்தம்? நேராகப் பதில் சொல்பவர்களுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது 'இன்ன பொருளுக்கு' என்று கட்டுப்படுத்தாமல், தேவையான எதற்கும் செலவிடலாம் என்ற கட்டத்தில் குறியிடுங்கள். ஒரே தடவையில் பெரிய தொகையாகக் கொடுப்பதைவிட, சிறு தொகையாக மாதாமாதம் கொடுங்கள். சம்பளம் மாதாமாதம்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.