நிதிக்குழுவுக்கு முன்னால் கல்விக்குழு கூட வேண்டும்

பல வளாகங்களைக் கொண்ட ஓர் அரசுப் பல்கலைக்கழக அமைப்பின் கல்விக்குழுவில், அதாவது படிப்புகளையும் பாடத்திட்டங்களையும் தேர்வு விதிகளையும் முடிவுசெய்யும் அவையில், இரண்டு முறை உறுப்பினராக இருந்திருக்கிறேன். முதல் கூட்டத்துக்கான பொருள்நிரல் வெள்ளிக்கிழமை மாலை என் கைக்கு வந்தது. கூட்டம் திங்கட்கிழமை காலை. 600 பக்கங்களை நெருங்கிய அந்தக் கட்டில் 100-க்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன. பெரும்பாலானவை பாடத்திட்டத் திருத்தங்களும் தேர்வு விதிகளும்தான். நடுவில் ஒரே பத்தியில் ஒரு பொருள் இருந்தது: ஒரு வளாகத்தில் மொழியியல் முதுகலைப் படிப்பை நிறுத்துவது, அதே ஆண்டில் அங்கே தரவு அறிவியலில் நான்காண்டுப் பட்டப்படிப்பு ஒன்றைத் தொடங்குவது. பல்கலைக்கழகத்தின் நிதிக்குழு அதற்கு முன்பே ஒப்புதல் அளித்திருந்தது, கட்டடத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியாகிவிட்டது, சேர்க்கை அறிவிப்பும் வெளிவந்துவிட்டது. எங்களிடம் கேட்கப்பட்டது பின்னேற்பு, அதாவது நடந்து முடிந்ததற்குத் தரும் ஒப்புதல், மட்டுமே. மதிய உணவுக்கு முன்பே அத்தனை பொருள்களும் நிறைவேறின. படிக்காமல் ஒப்புதல் தந்தவர்களில் நானும் ஒருவர் என்பதற்காக இன்றும் வருந்துகிறேன்.

பல்கலைக்கழக நிர்வாகம் என்று பேச்செடுத்தாலே துணைவேந்தரை யார் நியமிப்பது, வேந்தராக யார் இருப்பது என்ற கேள்விகளுக்கே பொதுவெளியின் கவனம் முழுவதும் போய்விடுகிறது. அவை முக்கியமற்றவை என்று நான் சொல்லவில்லை. ஆனால், பல்கலைக்கழகத்தின் உள்ளே பல ஆண்டுகள் இருந்து பார்த்த எனக்கு அதைவிட ஆழமான கேள்வியாகத் தோன்றுவது முடிவுகள் எடுக்கப்படும் வரிசை. எந்த வளாகம் எதைக் கற்பிக்கும், யாருக்குக் கற்பிக்கும், அதற்கு எத்தனை ஆசிரியர்கள் தேவை என்பதைச் சொல்லும் கல்வித் திட்டம் முதலில் எழுதப்பட்டு, நிதியும் கட்டடமும் அதைப் பின்தொடர்ந்தால், மிகச் சிறந்தவரல்லாத ஒரு துணைவேந்தரின் கீழும் பல்கலைக்கழகம் தாக்குப்பிடித்துவிடும். பணம் எங்கே கிடைக்கிறதோ அங்கே படிப்பைத் தொடங்கிவிட்டு, பிறகு அதற்கொரு கல்விக் காரணத்தைத் தேடினால், எவ்வளவு நேர்மையானவர் தலைமையேற்றாலும் அவர் பதவிக்காலம் முழுவதும் பள்ளங்களை நிரப்புவதிலேயே கழிந்துவிடும்.

கல்வித் திட்டம் என்ற சொல்லே பலருக்குச் சலிப்பைத் தருகிறது என்பதை அறிவேன். பாடத்திட்டம் என்று சிலரும், சடங்காக அச்சிடப்படும் தொலைநோக்கு ஆவணம் என்று வேறு சிலரும் நினைத்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது இரண்டையும் அல்ல. ஓர் எளிய கணக்கை. ஆண்டுக்கு 60 பேரைச் சேர்க்கும் ஒரு நான்காண்டுப் பட்டப்படிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் மாணவர்கள் 60 பேர், பருவத்துக்கு ஐந்து பாடங்கள், ஆகவே இரண்டு ஆசிரியர்கள் போதும் என்று கோப்பில் எழுதப்படுகிறது. நான்காம் ஆண்டில் அங்கே 240 பேர் இருப்பார்கள். ஒரே பருவத்தில், ஆண்டுக்கு ஓர் அணியாகச் சேர்ந்த நான்கு அணிகளுக்குமாக 20 பாடங்கள் நடக்க வேண்டும். ஆய்வு மேற்பார்வையும் செய்துகொண்டு ஓர் ஆசிரியர் மூன்று பாடங்களுக்கு மேல் ஒழுங்காக எடுக்க முடியாது என்று வைத்துக்கொண்டால் ஏழு ஆசிரியர்கள் வேண்டும். கோப்பில் அனுமதிக்கப்பட்டதோ இரண்டு பணியிடங்கள். மீதி ஐந்து இடங்களுக்கும் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் தற்காலிக ஆசிரியர்களைத் தேடுவார்கள். அவர்கள் அடுத்த பருவம் இருப்பார்களா என்பது அவர்களுக்கும் தெரியாது, மாணவர்களுக்கும் தெரியாது. நடைமுறையில் நான் கண்ட நெருக்கடிகளில் பெரும்பகுதி, யாரும் திருடியதால் வந்ததல்ல. இந்தப் பெருக்கல் கணக்கை உரிய நேரத்தில் உரிய இடத்தில் யாரும் போட்டுப் பார்க்காததால் வந்தது.

நிரந்தரப் பணியிடம் ஒன்றை உருவாக்குவது ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கான வாக்குறுதி. ஒரு துறை தன் நூலகத்தையும் ஆய்வு மரபையும் நல்ல மாணவர்கள் தேடிவரும் பெயரையும் சேர்த்துக்கொள்ள அதில் பாதிக் காலமாவது பிடிக்கும். ஆனால், அந்தத் துறையின் தலைவிதியை முடிவுசெய்பவர்களின் பதவிக்காலமோ மூன்று ஆண்டுகளோ ஐந்து ஆண்டுகளோதான். வரவுசெலவுத் திட்டத்தின் ஆயுள் ஓராண்டு. இந்தக் காலப் பொருத்தமின்மைதான் அரசுப் பல்கலைக்கழக நிர்வாகத்தின் அடிப்படைச் சிக்கல் என்பது என் கருத்து.

இதற்கு விடை காண முயன்றவற்றுள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1960-ஆம் ஆண்டில் வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டம் இன்றும் ஊன்றிப் படிக்கத்தக்கது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்த மாநிலத்தின் சட்டமன்ற உறுப்பினர்கள் தத்தம் தொகுதிக்கு ஒரு கல்லூரி வேண்டும் என்று மசோதாக்களைக் கொண்டுவந்தபடி இருந்தார்கள். மாநிலக் கல்லூரிகள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைப் போல முனைவர் பட்டம் வழங்க விரும்பின. பல்கலைக்கழகமோ அதை எதிர்த்தது. ஒரு தனியார் கல்லூரியின் தலைவரான ஆர்தர் கூன்ஸ் தலைமையிலான குழு, பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர் முதலானோரின் இணக்கத்தோடு, முதலில் ஒவ்வொரு நிறுவனத்தின் கல்விப் பணியை வரையறுத்தது. பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினர் பல்கலைக்கழகத்துக்கும், முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்கும் தகுதி பெறுவர். இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரிகள் எல்லோருக்கும் திறந்திருக்கும். ஆய்வும் முனைவர் பட்டமும் முதன்மையாகப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு.

இந்தப் படிநிலையை நான் முழுமையாக ஏற்கவில்லை. 17 வயதில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதைக் கொண்டு அவருக்கான கல்வியைத் தரம் பிரிப்பதில் அநீதி இருக்கிறது. ஆனால் அந்தத் திட்டத்தை எழுதியவர்கள் அதை உணர்ந்தே இருந்தார்கள் என்பதற்குச் சான்றாக அதில் ஒரு நுட்பமான ஏற்பாடு உண்டு. பட்டப்படிப்பு மாணவர்களில் முதல் இரண்டு ஆண்டுகளில் 40 சதவீதமும் கடைசி இரண்டு ஆண்டுகளில் 60 சதவீதமும் இருக்குமாறு பல்கலைக்கழகமும் மாநிலக் கல்லூரிகளும் தங்கள் சேர்க்கையை அமைத்துக்கொள்ள வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. ஏனென்றால், சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு படித்துவிட்டு வருபவருக்கு மூன்றாம் ஆண்டில் இடம் இருந்தாக வேண்டும். யாருக்கும் கதவு அடைபடாது என்று அறிக்கையில் எழுதுவது எளிது. அந்தக் கதவுக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதுதான் திட்டமிடல்.

இன்னொரு செய்தியும் எனக்கு முக்கியமாகப்படுகிறது. ரொனால்ட் ரீகன் ஆளுநராகப் பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே, 1967 ஜனவரியில், பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு கெரைப் பதவியிலிருந்து நீக்கியது. ஆனால் அவர் பங்கேற்று வடித்த திட்டம் அவரோடு போய்விடவில்லை. அதன் முக்கியக் கூறுகள் 1960-லேயே சட்டமாகியிருந்தன. தனிமனிதர்களின் வரவையும் போக்கையும் தாங்கும் வலிமை அப்படித்தான் ஒரு திட்டத்துக்குக் கிடைக்கிறது. பிற்காலத்தில் அந்தத் திட்டத்தைத் தேயவைத்தது எது என்பதையும் சொல்ல வேண்டும். கல்விக் கட்டணம் கூடாது என்ற அதன் கொள்கை படிப்படியாகக் கைவிடப்பட்டது. மூன்று அடுக்குகளுக்கும் பொதுவாக இருந்து தரவுகளைத் திரட்டி, புதிய வளாகங்களையும் படிப்புகளையும் பரிசீலித்து வந்த மாநில ஆணையம் நிதி மறுக்கப்பட்டு 2011-இல் மூடப்பட்டது. அமைப்பு முழுவதையும் ஒருசேரப் பார்க்கும் கண் ஒன்று இல்லாமல் போனால் ஒவ்வொரு வளாகமும் தனக்கு மட்டுமே திட்டமிடும்.

பிரிட்டனில் 1919-இல் தொடங்கிய பல்கலைக்கழக மானியக் குழு வேறொரு வழியைக் காட்டியது. அரசுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் நடுவில், பெரும்பாலும் கல்வியாளர்களைக் கொண்ட ஒரு சிறு குழு நின்றது. பல்கலைக்கழகங்கள் தங்கள் தேவைகளை அதனிடம் சொல்லும். அது அவற்றைத் தொகுத்து அரசிடம் பேசி, ஐந்தாண்டுகளுக்கான மானியத்தைப் பெற்றுத் தரும். பெற்ற தொகையை எப்படிச் செலவிடுவது என்பதைப் பெருமளவு பல்கலைக்கழகமே தீர்மானிக்கும். ஐந்தாண்டு என்ற அந்தக் காலவரையறையே கல்வித் திட்டத்துக்கு மூச்சுவிட இடம் தந்தது. 1970-களின் பணவீக்கத்தில் அந்த ஏற்பாடு நொறுங்கியது. 1981-இல் மானிய வெட்டுகள் வந்தபோது அதே குழுவே அவற்றைப் பங்கிட வேண்டியதாயிற்று. சால்ஃபோர்ட் பல்கலைக்கழகம் தன் மானியத்தில் 40 சதவீதத்துக்கும் மேல் இழந்தது. 1989-இல் அந்தக் குழுவே கலைக்கப்பட்டது. இடையில் நிற்கும் அமைப்பு இருந்தால் மட்டும் போதாது, பல ஆண்டுகளுக்கு உறுதியளிக்கப்பட்ட நிதியும் அதன் கையில் இருக்க வேண்டும் என்பதை இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தியாவில் பல்கலைக்கழகக் கல்வியை ஆராய்ந்த ராதாகிருஷ்ணன் ஆணையம் 1949-லேயே இந்த இடத்தைத் தொட்டது: உயர்கல்விக்கு நிதியளிப்பது அரசின் கடமை, ஆனால் அந்த உதவியைக் கல்விக் கொள்கைகள்மீதான அரசின் கட்டுப்பாடாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அது தெளிவாகச் சொன்னது. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தின் 1966-ஆம் ஆண்டு அறிக்கை, பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, ஆய்வு, ஆசிரியர் நியமனம் ஆகியவற்றில் முதன்மைப் பொறுப்பு ஆசிரியர்களுடையது என்கிறது. இவற்றில் ஆட்சிக்குழு மாற்று முடிவு எடுக்கலாம், ஆனால் அது விதிவிலக்காகவே நடக்க வேண்டும், காரணத்தையும் ஆசிரியர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்ற இந்த ஒரு நிபந்தனை நாங்கள் கூடிய அந்தத் திங்கட்கிழமை நடைமுறையில் இருந்திருந்தால், மொழியியல் துறை ஏன் மூடப்படுகிறது என்று எழுத்தில் யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தொடங்கியிருந்தால், மாணவர் எண்ணிக்கை குறைந்ததற்குக் காரணம் ஆறு ஆண்டுகளாக நிரப்பப்படாத மூன்று பணியிடங்கள்தான் என்பதும் வெளிவந்திருக்கும்.

ஆசிரியர்களாகிய நம் தரப்பின் குறையை மறைத்துவிட்டு இதைப் பேச எனக்கு மனமில்லை. கல்விக்குழுக்களில் நாம் பெரும்பாலும் நம் துறைக்காகவே பேசுகிறோம். பக்கத்துத் துறையின் பணியிடம் பறிபோகும்போது அமைதியாக இருக்கிறோம், நம் துறையில் யாரும் சேராத விருப்பப் பாடத்தை நிறுத்தச் சொன்னால் கொதித்தெழுகிறோம். 30 ஆண்டுகளுக்கு முன் எழுதிய பாடக்குறிப்பைக் கல்விச் சுதந்திரத்தின் பெயரால் காப்பாற்றுகிறோம். அதிகாரம் கேட்பவர்கள் வேலையையும் கேட்டு வாங்க வேண்டும். மாணவர் எண்ணிக்கை, பணியிடம், ஆய்வகக் கொள்ளளவு, இடைநிற்றல் ஆகியவற்றின் அட்டவணைகளை உட்கார்ந்து படிப்பது கட்டுரை எழுதுவதைப் போல இனிமையான வேலையல்ல. ஆனால் அதைச் செய்யாத கல்விக்குழு பதிவாளர் அலுவலகம் நீட்டிய இடத்தில் கையெழுத்திடத்தான் போகிறது.

மாணவர்களைப் பற்றியும் ஒரு சொல். அர்ஜென்டினாவின் கோர்தோபா பல்கலைக்கழக மாணவர்கள் 1918-இல் போராடி, நிர்வாகத்தில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்ற கோரிக்கையை லத்தீன் அமெரிக்கா முழுவதும் பரப்பினார்கள். ஒரு நூற்றாண்டு கடந்த பிறகும் பல அமைப்புகளில் மாணவர் பிரதிநிதிக்கு விழா மேடையில் கிடைக்கும் இடம் கல்விக்குழுவில் கிடைப்பதில்லை. ஒரு படிப்பு நிறுத்தப்படும்போது அதில் ஏற்கெனவே சேர்ந்தவர்கள் எந்த ஆசிரியரிடம், எந்த ஆய்வகத்தில், எந்த ஆண்டுவரை படித்து முடிப்பார்கள் என்று முதலில் கேட்கப்போகிறவர் அவர்தான்.

நான் கேட்பது புதிய சட்டம்கூட அல்ல. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தங்கள் விதிகளைத் திருத்தியே இவற்றைச் செய்துவிடலாம். படிப்பைத் தொடங்குவது, நிறுத்துவது, வேறு வளாகத்துக்கு மாற்றுவது ஆகிய மூன்றும் கல்விக்குழுவின் தீர்மான எண் இல்லாமல் நிதிக்குழுவின் மேசைக்குப் போகக்கூடாது. அந்தப் பொருள்களுக்கான ஆவணங்கள் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும். பின்னேற்பு என்ற வழி இவற்றுக்கு அறவே கூடாது. புதிய படிப்புக்கான முன்மொழிவு முதலாண்டுச் செலவை மட்டும் காட்டாமல், முதல் அணி பட்டம் பெற்று வெளியேறும் ஆண்டின் மாணவர், ஆசிரியர், வகுப்பறைக் கணக்கைக் காட்ட வேண்டும். எல்லா வளாகங்களின் எண்களையும் ஒரே வடிவத்தில் ஆண்டுதோறும் வெளியிடும் ஒரு திட்டமிடல் அலுவலகம் வேண்டும்; அதன் பொறுப்பாளரின் பதவிக்காலம் துணைவேந்தரின் பதவிக்காலத்தோடு முடிந்துவிடக் கூடாது.

இரண்டாம் முறை உறுப்பினரானபோது நானும் இன்னும் நான்கு பேரும் கையெழுத்திட்டு, இவற்றுள் ஒன்றை மட்டும் கேட்டோம்: புதிய படிப்பு ஒவ்வொன்றுக்கும் நான்காம் ஆண்டுக் கணக்கை இணைக்க வேண்டும் என்று. இரண்டு கூட்டங்கள் தள்ளிப்போய், மூன்றாவதில் அது தீர்மானமானது. அடுத்த ஆண்டு வந்த ஒன்பது முன்மொழிவுகளில் நான்கைத் துறைகளே திரும்பப் பெற்றுக்கொண்டன. ஐந்தாவதாக வந்த ஒன்றில், இரண்டு பணியிடங்கள் என்றிருந்த இடத்தை அடித்துவிட்டு ஆறு என்று கையால் திருத்தியிருந்தார்கள். அந்த ஆறும் அனுமதிக்கப்பட்டன.