எட்னா லூயிஸுக்கு உரிய இடம்

அமெரிக்கர்களின் சாப்பாட்டை மாற்றியவர்கள் யார் என்று பேச்சு வந்தால் ஜூலியா சைல்டு பெயர்தான் முதலில் வரும். 1961-ல் வந்த அவருடைய பிரெஞ்சுச் சமையல் புத்தகமும், அதற்குப் பிறகு வந்த டிவி நிகழ்ச்சியும் பெரிய வேலை செய்தன, மறுக்கவில்லை. அடுத்து ஆலிஸ் வாட்டர்ஸ். 1971-ல் பெர்க்லியில் ஷே பனீஸ் உணவகத்தைத் தொடங்கி, பருவத்துக்கு ஏற்ப, பக்கத்துப் பண்ணையில் விளைந்ததைச் சமைக்கச் சொல்லிக்கொடுத்தவர் என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு மனசு ஆறாதது இங்கேதான். அதையே பிறந்ததிலிருந்து வாழ்ந்து பார்த்த கறுப்பினச் சமையல் கலைஞர் எட்னா லூயிஸ் பெயர் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது?

எட்னா 1916-ல் வர்ஜீனியாவின் ஃப்ரீடவுனில் பிறந்தவர். அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானவர்கள் சேர்ந்து உருவாக்கிய ஊர் அது; அவருடைய தாத்தாவும் அவர்களில் ஒருவர். சின்ன வயதிலேயே ஊரை விட்டுக் கிளம்பி, நியூயார்க்கில் தையல் வேலை பார்த்து, 1940களின் கடைசியில் அங்கே கஃபே நிக்கல்சன் என்ற உணவகத்தில் சமையல் பொறுப்பை ஏற்றார். டென்னசி வில்லியம்ஸ், ட்ரூமன் கபோட்டி மாதிரி எழுத்தாளர்கள் எல்லாம் வந்து சாப்பிட்ட இடம்.

1976-ல் 'த டேஸ்ட் ஆஃப் கன்ட்ரி குக்கிங்' வந்தது. ஜூலியாவின் புத்தகத்தை வெளிக்கொண்டு வந்த அதே ஜூடித் ஜோன்ஸ்தான் இதற்கும் எடிட்டர். வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று பருவவாரியாகப் போகிறது புத்தகம். பன்றி அறுக்கும் நாளில் என்ன சமைத்தார்கள், அடிமைகள் விடுதலையான நாளுக்கு என்ன விருந்து என்று அந்த ஊரின் வருஷம் முழுக்க அதில் இருக்கிறது. அளவுக் கரண்டி இல்லாத வீடுகளில் பேக்கிங் பவுடரைக் காசு மேல் வைத்து அளப்பார்களாம். கேக் வெந்துவிட்டதா என்று பார்க்க எட்னா அதன் பக்கத்தில் காதை வைத்துக் கேட்பார். வேகாத கேக்கில் சலசலவென்று சத்தம் இருக்கும், வெந்ததும் அடங்கிவிடும். இவ்வளவு நுணுக்கமான கைப்பழக்கம் எத்தனை தலைமுறை அடுப்படியில் நின்றால் வரும்!

அமெரிக்கத் தென்மாநிலச் சமையலைத் தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள் சமைத்தார்கள். ஆனால் சமையல் புத்தகங்களில் வீட்டு எஜமானியம்மாவின் பெயர்தான் இருந்தது. எட்னா அந்த அறிவைத் தன் பெயரில், தன் ஊரின் பெயரில் எழுதினார். அதுவும் புலம்பாமல். எங்கள் ஊரில் நன்றாகச் சாப்பிட்டோம், சேர்ந்து உழைத்தோம் என்று தலைநிமிர்ந்து எழுதினார். என்னைக் கேட்டால், அமெரிக்கச் சமையல் எழுத்தில் இதைவிடத் துணிச்சலான காரியம் குறைவு.

2006-ல் அவர் இறந்தார். 2014-ல் ஜூலியாவோடு சேர்த்து அவருக்கும் தபால்தலை வெளியிட்டார்கள். சரி, தபால்தலை நல்லதுதான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது சவானா நகரத்தில் நடப்பது. ஒரு காலத்தில் கறுப்பர்களைத் தனியாக உட்காரவைத்த பழைய கிரேஹவுண்ட் பேருந்து நிலையத்தில் இன்று 'த கிரே' என்ற உணவகம் இருக்கிறது. அதன் செஃப் மஷாமா பெய்லி ஒரு கறுப்பினப் பெண். எட்னாவின் எழுத்துதான் தனக்கு உந்துதல் என்று வெளிப்படையாகச் சொல்பவர்.